பத்திரம்

மகன் வண்டியை எடுக்கும்போது "பத்திரமா ஓட்டுப்பா" என்கிறோம். மகள் கிளம்பும்போது "பத்திரமா வந்து சேரும்மா" என்கிறோம். இரண்டிலும் அக்கறை உண்டு, பொய் இல்லை. ஆனால் முதல் பத்திரம் ஒரு வேலையைச் செய்யும் முறையைச் சொல்கிறது. இரண்டாவது, வேலை எதுவாக இருந்தாலும் முடித்துக்கொண்டு வந்துவிடு என்கிறது. நகையைப் பத்திரமாக வைப்பது, வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் பூட்டுவது எல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இந்தச் சொல்லைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் என் பிழைப்பு. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை இயந்திரவியல் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பறையில் கரும்பலகை ஒரு மூலையில்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் வைஸ் பொருத்திய மேசைகள், இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். கூரான, சூடான, சுழலும் பொருள்களுக்கு நடுவே பதினாறு வயதுப் பிள்ளைகளை நிற்க வைப்பது என் தொழில். ஆகவே பத்திரம் என்பது எனக்குப் பாடத்திட்டத்தின் முதல் அலகு.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. பிரிவுகளின் பெயர்களைப் படித்தாலே யாருக்கு எது என்று எழுதாமல் எழுதியிருப்பது தெரியும். செவிலியம், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை ஒரு பக்கம். இயந்திரவியல், மின் பொறியியல், தானியங்கி ஊர்தி இன்னொரு பக்கம். பெண்கள் இயந்திரவியலில் சேரக் கூடாது என்று எந்த அரசாணையும் இல்லை. தேவையும் இல்லை. சேர்க்கை நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கும்மா, நர்சிங் இருக்குல்ல" என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோது என் பிரிவில் ஒரு பெண்கூட இல்லை. பிறகு இருவர், அடுத்து ஐவர். இப்போது முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர்.

ஐந்து பேர் இருந்த அந்த வருடம்தான் துப்பட்டா பிரச்சினை வந்தது.

லேத்தில் சக் சுற்றும்போது தொங்குகிற எதுவும் ஆபத்து. சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, பையன்கள் கையில் கட்டும் சாமிக் கயிறு, பிள்ளைகளின் ரெட்டைச் சடை, அதில் கட்டிய ரிப்பன், எல்லாவற்றுக்கும் மேல் துப்பட்டா. ஓரம் ஒரு அங்குலம் மாட்டினால் மீதியை எந்திரமே இழுத்துக்கொள்ளும். நம் கை இழுக்கும் வேகமும் அதன் வேகமும் ஒப்பிடவே முடியாதவை. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சுழலும் எந்திரத்தில் கையுறையே கூடாது. துணி மாட்டினால் உள்ளே இருக்கும் விரலும் சேர்ந்து போகும். இவை எல்லாம் உண்மையான ஆபத்துகள்.

அந்த ஆபத்தைக் காரணம் காட்டி, பள்ளி மேலாண்மைக் கூட்டத்தில் ஒருவர் ஒரு தீர்வு சொன்னார். பெண் பிள்ளைகள் நோட்டில் படம் வரையட்டும், அளக்கட்டும், அரம் தேய்க்கட்டும். லேத் வேலையை மட்டும் பையன்கள் செய்வதைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்ளட்டும். செய்முறைத் தேர்வுக்கு வேண்டுமானால் ஒருநாள் பழக்கிக்கொள்ளலாம். பேசியவர் நல்ல மனிதர். அவருக்கும் மகள்கள் உண்டு. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். "அல்லது துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு மேலங்கி போட்டுக்கொள்ளலாம்" என்று நான் சொன்னதும் அறை சங்கடப்பட்டது. எந்திரத்தைக் கழற்றி வைப்பது எளிது, பெண்ணைக் கழற்றி வைப்பது அதைவிட எளிது, ஒன்றரை மீட்டர் துணியைக் கழற்றி வைப்பதுதான் யாராலும் ஆகாத காரியமாக இருந்தது.

அந்தக் கூட்டத்தைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அவர்கள் தாமாக யோசித்த தீர்வு அல்ல அது. நாட்டின் சட்டமே அப்படித்தான் யோசித்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 21, 22 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருந்தன. 21ஆம் பிரிவு எந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது: சுழலும், ஆபத்தான பாகங்களைத் தடுப்புகளால் மூடிவை என்றது. அருமையான பிரிவு. அடுத்தது, ஓடும் எந்திரத்துக்குப் பக்கத்தில் போய்ச் சோதிக்கவோ எண்ணெய் விடவோ வேண்டிய கட்டாயம் வந்தால் யார் போவது என்பதைப் பற்றியது. அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி, உடம்போடு ஒட்டிய உடை அணிந்து போக வேண்டும் என்று இருந்தது. அந்த உடையை ஆலை நடத்துபவரே கொடுக்க வேண்டியிருந்தது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பெண்களும் இளையவர்களும் ஓடும் எந்திரத்தைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ அனுமதிக்கப்படக் கூடாது என்றது.

நான் இதைப் பல தடவை படித்திருக்கிறேன். ஆபத்துக்கு மருந்து என்ன என்று இந்தச் சட்டத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பயிற்சி கொடு, இறுக்கமான உடை கொடு, அதையும் நீயே உன் செலவில் கொடு. ஆணுக்கு இந்த மூன்றையும் எழுதிவிட்டு, பெண்ணுக்கு வந்ததும் வராதே என்று எழுதியிருக்கிறது. முந்தைய பிரிவில் எந்திரத்துக்குப் போட்ட வேலியை இங்கே பெண்ணைச் சுற்றிப் போட்டுவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள். இளையவர் என்றால் பதினெட்டு நிரம்பாதவர். பையன் பதினெட்டாம் பிறந்தநாளில் அந்த வாக்கியத்தை விட்டு வெளியே போய்விட்டான். நாற்பது வருடம் வேலை பார்த்த பெண் ஓய்வு பெறும் நாள்வரை அதற்குள்தான் இருந்தாள்.

அக்காலத்தில் காரணம் இருந்திருக்கும். கூரையோரம் ஒரே தண்டு சுற்ற, அதிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் ஓட்டிய பட்டறைகளில் சேலை மாட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே உடம்பு கூசுகிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பெண்களை வெறுத்து எழுதினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு என்ன? எங்கள் பக்கத்து நூற்பாலைகளில் ரிங் ஃபிரேமுக்கு முன்னால் நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஷிப்டு முழுக்க நடந்து அறுந்த இழையைப் பிடித்து முடிபவர்கள் அவர்கள். எந்த ஃபிரேம் எந்தச் சத்தம் போட்டால் கோளாறு என்று அவர்களுக்குக் காதாலேயே தெரியும். ஆனால் கோளாறு என்றால் ஃபிட்டர் வர வேண்டும். ஃபிட்டர் ஆண். திறப்பவனுக்குச் சம்பளம் கூட, பதவி உயர்வும் உண்டு, ஆலை மூடினாலும் வெளியில் பிழைத்துக்கொள்ளக் கையில் வேலை உண்டு. ஓட்ட மட்டும் தெரிந்தவளுக்கு அந்த ஆலைக்கு வெளியே அந்தத் திறமையால் ஒரு பயனும் இல்லை. கட்டட வேலையிலும் இதே கதைதான். சித்தாளாக இருபது வருடம் கல்லும் கலவையும் சுமந்த பெண்ணின் கையில் கரண்டியையும் ரசமட்டத்தையும் யாரும் கொடுப்பதில்லை. கூடவே எடுபிடியாக வந்த பையன் மூன்று வருடத்தில் கொத்தனாராகிவிடுவான்.

ஆபத்துதான் உண்மையான காரணமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அடுப்படிக்குப் போக வேண்டும். கொதிக்கும் உலையைத் துணி பிடித்துச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும் வேலையைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கொடுக்க நம் வீடுகள் தயங்கியதில்லை. அரிவாள்மனை என்பது தடுப்பே இல்லாத, தரையில் நிமிர்ந்து நிற்கும் கத்தி. அதன்மேல் காலை வைத்து உட்கார்ந்து, கண் தொலைக்காட்சியில் இருக்க, கை காய் நறுக்கும். எண்ணெய்ச் சட்டி, குக்கர், சிலிண்டர் எல்லாம் இருக்கும் அந்த அறைக்குள், நைலான் நைட்டியோடு ஒரு பெண் நுழையும்போது எந்த மேலாண்மைக் கூட்டமும் கூடுவதில்லை. அங்கேயும் "பத்திரம்" என்று சொல்வார்கள். அது முதல் வகைப் பத்திரம்: இப்படிப் பிடி, ஆவி முகத்தில் அடிக்காமல் திரும்பிக்கொள், எண்ணெயில் தண்ணீர் சொட்டாமல் பார். அம்மாக்கள் எல்லோரும் அருமையான பட்டறை ஆசிரியர்கள். ஆபத்தை எப்படிக் கையாளக் கற்றுக்கொடுப்பது என்று இந்தச் சமூகத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கே கற்றுக்கொடுப்பது, எங்கே தடுப்பது என்பதில்தான் சூட்சுமம். கூலி கிடைக்காத இடத்தில் ஆபத்தைக் கையாளக் கற்றுத் தருகிறோம், கூலியும் அதிகாரமும் கிடைக்கிற இடத்தில் ஆபத்து என்று கையைப் பிடித்து இழுக்கிறோம்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் இனிமேல்தான். என்னை இந்தத் தெளிவோடு நிற்க விடாமல் செய்தவர் ஒரு மாணவியின் அம்மா. அவரே ஒரு சித்தாள்.

ஒருநாள் மதியம் வேலை இடத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். முழங்கைவரை சிமெண்ட் காய்ந்திருந்தது. மகள் முந்தின நாள் கையில் கொப்புளத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஹாக்ஸா பிடித்துப் பழகாத கைக்கு முதல் வாரம் அது வரும்.

"வாங்கக்கா, உக்காருங்க."

"உக்கார நேரமில்ல டீச்சர். ஒண்ணு கேக்கணும். என் கையப் பாருங்க." விரித்துக் காட்டினார். "இந்தக் கை அவளுக்கு வரக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புறேன். நீங்க இரும்பக் குடுத்து அறுக்கச் சொல்றீங்க. இதுக்கு அவள நானே வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே?"

ஆண்களோ அதிகாரிகளோ கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கும். இதற்கு இல்லை. ஏனென்றால் அவர் கேட்டது பெண்ணைப் பற்றி மட்டும் அல்ல. யாருடைய பிள்ளைகள் என் பட்டறைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு உயிரியல், கணிதம். அடுத்தவர்களுக்கு வணிகவியல். எங்கும் இடம் கிடைக்காதவர்கள் என்னிடம். என் வருகைப் பதிவேட்டில் மருத்துவர் மகளோ, வழக்கறிஞர் மகளோ, ஏன், ஆசிரியர் மகளோகூட ஒருநாளும் இருந்ததில்லை. கைவேலை உயர்ந்தது, உழைப்பே தெய்வம் என்றெல்லாம் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்தத் தெய்வத்தின் சந்நிதிக்குக் கூட்டி வருவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வித் திட்டம். பெரியாரும் திராவிட இயக்கமும் கடுமையாகப் போராட, 1954இல் காமராசர் வந்து அதைக் கைவிட்டார். வெளுப்பவர் பிள்ளை வெளுக்கவும், சிரைப்பவர் பிள்ளை சிரைக்கவும் பள்ளிக்கூடமே நேரம் ஒதுக்கித் தருகிறதா என்பது அன்றைய எதிர்ப்பின் சாரம். அது சரியான எதிர்ப்பு. அந்த வெற்றி இல்லையென்றால் நான் இன்று ஆசிரியையாக இருக்க மாட்டேன்.

ஆனால் அந்தத் திட்டத்தில் பெண் பிள்ளைக்கு என்ன வைத்திருந்தார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பையன் அப்பாவிடம் தொழில் கற்பான், பெண் அம்மாவிடம் சமையலும் வீட்டு வேலையும் கற்பாள். எந்தச் சாதியாக இருந்தாலும் பெண்ணுக்குக் குலத்தொழில் ஒன்றுதான். திட்டம் கைவிடப்பட்டதும் பையனுக்கு அந்தப் பாதி நாள் திரும்பக் கிடைத்தது. பெண்ணுக்கு? இன்றும் என் மாணவிகளில் பலர் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் அந்தக் கைவிடப்பட்ட திட்டத்தில் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே அந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியது கைவேலையின் மகிமையை அல்ல என்று எனக்குத் தெரிந்தது. 1936இல் வெளியான 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அம்பேத்கர், சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது என்று வாதிடுகிறார். கையைப் புகழ்ந்துவிட்டு அந்த அடுக்கைத் தொடாமல் விடுவது ஏமாற்று வேலை. அவருடைய கை அப்படி ஆனதற்கு இரும்போ சிமெண்டோ காரணம் அல்ல. எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது, கையுறை கேட்பதா வேண்டாமா என்பதில் எதுவும் அவர் கையில் இல்லை என்பதுதான் காரணம். என் பட்டறையில் அவர் மகளுக்கு அது மட்டுமாவது வேறாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் சொல்வதுதான் சரி.

அது எப்படி வேறாகும்? பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு பொத்தானில் தொடங்குகிறோம். லேத்தில் சிவப்பாக, காளான் மாதிரி ஒரு நிறுத்தும் பொத்தான் உண்டு. முதல் நாள் நான் எந்திரத்தை ஓடவிட்டு, ஒவ்வொருவராக வந்து அதை அடிக்கச் சொல்வேன். காரணம் எதுவும் வேண்டாம், என்னைக் கேட்கவும் வேண்டாம், தோன்றும்போது அடி. பையன்கள் வந்ததும் ஓங்கி அடிப்பார்கள். சிலர் இரண்டாவது தடவை கேட்பார்கள். பெண்களில் அநேகமாக எல்லோரும் கையைப் பொத்தானுக்கு அருகில் கொண்டுபோய் என் முகத்தைப் பார்ப்பார்கள். "அடிக்கவா டீச்சர்?" நான் பதில் சொல்ல மாட்டேன். ஓடுகிற ஒன்றைத் தன் முடிவில் நிறுத்துவது என்பது அவர்கள் அதுவரை செய்திராத காரியம். ஒருத்தி ஏறக்குறைய இரண்டு நிமிடம் நின்றாள். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பையன்கள் சிரித்தார்கள். அவள் அடித்தாள், சக் நின்றது, பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டாள். சித்தாளின் மகள் அவள்தான்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன். நன்றாகப் படித்தவன். ஒரு சிறிய பட்டறையில் பவர் பிரஸ்ஸில் சேர்ந்தான். உற்பத்தி வேகம் குறைகிறது என்று அந்தப் பிரஸ்ஸின் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். கழற்றக் கூடாது என்று அவனுக்குத் தெரியும், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். மேஸ்திரி போடச் சொன்னார், போட்டான். இரண்டு விரல்கள் முதல் கணுவரை போயின. மருத்துவமனையில் அவனைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்கு ஒன்று உறைத்தது. பட்டறையில் மிகவும் ஆபத்தான குணம் கவனக்குறைவு அல்ல, கீழ்ப்படிதல். சொன்னதும் உள்ளே போகும் கை. பத்திரமாக இருக்க வேண்டும் என்று நாம் பெண் பிள்ளைகளை எதில் பழக்குகிறோமோ, அந்தக் குணமேதான் அது. எதிர்த்துப் பேசாதே, சொன்னதைச் செய், பெரியவர்களுக்குத் தெரியும். அப்படி வளர்ந்த பிள்ளையை எந்திரத்துக்கு முன் நிறுத்துவதுதான் உண்மையில் ஆபத்து. துப்பட்டாவையாவது கழற்றிவிடலாம்.

பெண்ணியத் தோழிகள் சிலர் இன்னொரு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் வரிசையாக வந்திருக்கும் தொழிற்சாலைகளுக்குச் சொன்ன பேச்சுக் கேட்கும், சங்கம் சேராத, மெல்லிய விரல்கள் கொண்ட பெண்கள் தேவைப்படுகிறார்கள். நீ அவர்களுக்கு ஆள் தயார்செய்து கொடுக்கிறாயா? நியாயமான கேள்வி. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசைகாட்டி, பதின்வயதுப் பெண்களை மில் விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் எங்கள் பக்கத்து ஊர்களில் எத்தனை பேரைத் தின்றது என்று எனக்குத் தெரியும். பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த சட்டப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் சொன்னபோது நான் மகிழ்ந்தேன். இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைத்ததில் ஆலைகளும் மகிழ்ந்திருக்கும். கதவு திறப்பதும் வலை விரிப்பதும் பல சமயம் ஒரே சத்தம்தான் போடுகின்றன. ஆனால் என் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தாலும் அதே ஆலை அவர்களை எடுத்துக்கொள்ளத்தான் போகிறது, இன்னும் கீழான வேலையில். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற தொழிலாளப் பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெடுஞ்சாலையையே மறித்து உட்கார்ந்தார்களே, அவர்களும் மெல்லிய விரல்களுக்காக எடுக்கப்பட்டவர்கள்தான். அந்தச் சாலையில் அவர்கள் அடித்தது ஒரு சிவப்புப் பொத்தான் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

இனி, கைவேலை ஒரு பெண்ணுக்குக் கூலியைத் தவிர என்ன தருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதல் பயிற்சியில் 6 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையில் சதுரப் பொருத்தம் செய்வார்கள். ஒரு துண்டில் சதுரமாக ஒரு முனை, இன்னொன்றில் அது நுழையும் பள்ளம். தொழிலில் இவற்றுக்கு மேல் பீஸ், ஃபீமேல் பீஸ் என்று பெயர். முதல் தடவை சொல்லும்போது வகுப்பு குலுங்கும், நான் காத்திருப்பேன். ஃபீமேல் பீஸ்தான் கடினம். முனையைச் சுற்றிலும் அரம் தாராளமாகப் போய்வரும். பள்ளத்துக்கு வரிசையாகத் துளை போட்டு, உளியால் வெட்டி எடுத்து, அரத்தின் விளிம்பை வைத்து உள்மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். கூடப் போனால் திரும்பாது. பிறகு இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்போம். இடுக்கில் ஒளி தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

இங்கே யாரும் அவளை நல்ல பெண் என்று சொல்வதில்லை, கெட்டவள் என்றும் சொல்வதில்லை. வெளிச்சம் தெரிகிறது அல்லது தெரியவில்லை. வெர்னியரில் 49 மில்லிமீட்டரை 50ஆகப் பிரித்திருக்கிறார்கள், அதனால் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கலாம். அந்தக் கோடு என் வார்த்தைக்கோ அவள் அப்பா வார்த்தைக்கோ நகராது. மைக்ரோமீட்டர் வந்த நாளில் சடையிலிருந்து ஆளுக்கொரு முடியை இழுத்து அளப்போம். 0.06, 0.07 என்று வரும். யாருடையது தடிமன் என்று ஒரே சண்டை. பிறந்ததிலிருந்து பிறர் கண்களால் மட்டுமே அளக்கப்பட்ட பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஒன்றை அளந்து, "என்னுது 0.07, நீங்களே பாருங்க டீச்சர்" என்று என்னிடமே சவால் விடும்போது அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. மதிப்பெண் வாங்கும்போது வரும் முகம் அல்ல அது.

இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் அ. லலிதா, கைக்குழந்தையோடு விதவையான பிறகு, 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவர். அவருடைய கதையை எங்கும் படிப்பின் வெற்றியாகச் சொல்வார்கள். அவர் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருடம் பயிற்சி பெற்றார் என்பது ஒரு வரியில் கடந்துபோகும். அந்த ஒரு வரியில் நிற்க ஆசைப்படுகிறேன். எண்பது வருடங்களுக்கு முன், ரயில் எஞ்சின் பழுதுபார்க்கும் இடத்தில் அவர் என்ன உடுத்திக்கொண்டு நின்றார், சேலையைச் செருகிக்கொண்டாரா, மேலங்கி கொடுத்தார்களா, யார் அவருக்கு அரம் பிடிக்கக் காட்டினார்கள் என்றெல்லாம் என் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு அன்று நான் சொன்னது சுருக்கம். வேலை உறுதி என்று சொல்லவில்லை. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேர வழி இருக்கிறது என்றேன், அது உண்மை. கொப்புளம் பத்து நாளில் போய்விடும் என்றேன். பிறகு அவரைப் பட்டறைக்குள் கூட்டிப்போய், மகள் செய்துகொண்டிருந்த பாதிப் பொருத்தத்தைக் கையில் கொடுத்தேன். அவர் கட்டைவிரலால் மூலையைத் தடவிப் பார்த்தார். சட்டென்று, "இந்தப் பக்கம் மட்டம் இல்லையே" என்றார். மூலமட்டத்தை வைத்துப் பார்த்தோம், இல்லைதான். இருபது வருடம் கொத்தனார்களுக்குப் பின்னால் நின்ற கண். யாரும் அதற்குக் கூலி கொடுத்ததில்லை. அவர் சமாதானம் அடைந்தாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். மகளை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

துப்பட்டா விஷயம் ஒருவழியாக முடிந்தது. நீல நிற மேலங்கி, முழங்கைவரை கை, பின்னால் பொத்தான், ஆண் பெண் இருவருக்கும் ஒரே தையல். துணி வாங்கப் பள்ளி நிதியில் கொஞ்சம், முன்னாள் மாணவர்களிடம் கொஞ்சம். தைத்தது எங்கள் பள்ளியின் ஆடை வடிவமைப்புப் பிரிவுப் பெண்கள். தைத்துக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய தையல் எந்திரங்களில் இரண்டு தையல் விட ஆரம்பித்தன. வழக்கம்போல மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள், அவர் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். இரண்டு வருடமாக அந்த எந்திரத்தை மிதிக்கும் பெண்களில் ஒருத்திகூட அதைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்ததில்லை.

என் பிள்ளைகள் ஸ்குரூடிரைவரோடு போனார்கள். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் கம்பளிபோலப் பஞ்சு அடைந்திருந்தது. அதை எடுத்த பிறகும் ஒன்றில் தையல் விட்டது. ஊசி கீழே போய் 2 மில்லிமீட்டர் ஏறும் தருணத்தில் கொக்கியின் முனை ஊசியின் காதுக்குச் சற்று மேலே வந்து நூலைப் பிடிக்க வேண்டும். அதில் நேரம் தப்பியிருந்தது. சித்தாளின் மகள் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற, ஆடை வடிவமைப்புப் பெண் ஒருத்தி தரையில் படுத்துக் கீழிருந்து பார்த்துச் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம். கொஞ்சம். நிறுத்துடி."

மற்ற நான்கு எந்திரங்களையும் அடுத்த வாரம் திறக்கிறோம். மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை வரட்டும், பிள்ளைகள் அவரிடம் கேட்க ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.